பாடமாக்கினால் பேச்சாகுமா?



தமிழ்மொழித் தினப் போட்டியோ மீலாத் போட்டியோ வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பரபரப்பு. பெரியவர் ஒருவர் பேச்சை எழுதிக் கொடுப்பார். பிள்ளை இரவு பகலாகப் பாடமாக்கும். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதுகூடச் சொல்லிக் கொடுக்கப்படும். மேடையில் ஒரு வரி மறந்தால் எல்லாம் முடிந்தது. பிள்ளை அழுதுகொண்டு இறங்கும். இதுவா பேச்சுப் பயிற்சி? இல்லை என்கிறோம்.

இந்த வியாதி பழையது. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் வழக்குக்குப் போனவர் தன் நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். அதனால் காசுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்போர் உருவானார்கள். லிசியாஸ் அதில் பேர்பெற்றவர். அல்கிடமஸ் என்ற ஆசிரியர் இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதினார். எழுதி வைத்த பேச்சு சிலை மாதிரி, பார்க்க அழகு, தேவைக்கு உதவாது என்பது அவர் வாதம். எதிராளி புதிதாக ஒன்றைக் கேட்டால் சிலை பதில் சொல்லுமா?

அரிஸ்டோட்டில் மூன்று விடயம் சொன்னார். பேசுபவர் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, பேச்சிலுள்ள நியாயம். இந்த மூன்றும்தான் கேட்பவரை இணங்க வைக்கும். இரவல் பேச்சில் நியாயமும் இரவல், உணர்ச்சியும் இரவல். பிறகு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கிரேக்கர் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். அரிஸ்டோட்டிலின் அந்த நூலுக்கு விளக்கம் எழுதியவர்களில் அல் பாராபியும் இப்னு ருஷ்தும் உண்டு. யாழ்ப்பாணத்தையே பாருங்கள். 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கியது மிஷனரிமாருக்கு மறுமொழியாகத்தான். இந்த ஊரின் மேடை பதில் சொல்லப் பிறந்த மேடை.

பதில் சொல்ல முடியாத நாளையும் நம் சமூகம் கண்டிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். துவக்குக்கு முன் எந்தப் பேச்சாளனும் வென்றிருக்க முடியாது. ஆனால் இன்று நாம் நிற்பது மேசைகளுக்கு முன். காணி, வீட்டுத்திட்டம், பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. "உங்கள் பெயர் இங்கே இல்லையே" என்று ஒருவர் சொன்னால் அடுத்த வசனத்தை யார் எழுதித் தருவார்?

சிறு வகுப்பில் பாடமாக்குவதில் பிழையில்லை. உச்சரிப்புத் திருந்தும், கூச்சம் போகும். தரம் 9, 10 பிள்ளைக்கும் அதுதான் என்றால் எப்படி?

போட்டி நடத்துவோரிடம் நாம் கேட்பது இரண்டு. மேல்வகுப்புகளுக்குத் தலைப்பை அன்றைக்கே கொடுங்கள். பேசி முடித்த பிள்ளையிடம் நடுவர் இரண்டு கேள்வி கேட்கட்டும், பதிலுக்கும் புள்ளி கொடுங்கள்.

பெற்றோரிடம் ஒன்று. வீட்டில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் வாயை மூடச் சொல்லாதீர்கள். காரணம் சொல்லுங்கள், அதனிடமும் காரணம் கேளுங்கள். திக்கித் திக்கிப் பேசினாலும் தன் சொந்தச் சொல்லைப் பேசும் பிள்ளைக்கு முதலில் நாம் கைதட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.