சாயம் யாருக்கு? சாவு யாருக்கு?

பெருங்குடியிலே சம்பள நாள் மாலை. வேலை முடிந்து வீடு திரும்பும் தோழன், தெருவோரக் கடையிலே மகளுக்குச் சிவப்புப் பாவாடை வாங்குகிறான். "சாயம் போகுமா?" என்று கேட்கிறான். "போகாது" என்கிறான் கடைக்காரன். சரி, சாயம் போகாது. சாயம் தோய்த்தவன் உயிர்? அதைக் கேட்க நாதியில்லை!

இந்தச் சாயம் பிறந்த கதையைக் கேளுங்கள், தோழர்களே! 1856-ல் இலண்டனில் பெர்க்கின் என்ற 18 வயது மாணவன், நிலக்கரித் தாரிலே கிடைத்த பொருளைக் கொண்டு கொய்னா மருந்து செய்ய முனைந்தான். மருந்து வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது! 1897-ல் ஜெர்மன் கம்பெனி செயற்கை அவுரியை விற்க வந்தது. நம் நாட்டு அவுரிச் சாகுபடி சரிந்தது. இன்று தாரின் இடத்தைப் பெரும்பாலும் பெட்ரோலியம் பிடித்துக்கொண்டது. சாயத்தின் குலம் மாறவில்லை.

விஞ்ஞானத்தையா பழிக்கிறோம்? பணக்காரன் பெட்டியிலே பூட்டிக் கிடந்த ஊதா நிறத்தை ஏழை வீட்டுக் கொடியிலும் உலர வைத்தது விஞ்ஞானம். 1895-லேயே எச்சரித்ததும் அதுதான். சாயத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காண்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரேன் அறிவித்தார். மருத்துவர் சொன்னார், முதலாளி கேட்டாரா?

1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடுத்தது: உடுத்துகிறவர் உடம்புக்காக. 2024 பிப்ரவரியில், ரோடமின் பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு தடுத்தது: தின்னும் குழந்தைக்காக. இரண்டும் நியாயம், வரவேற்கிறோம். பென்சிடின் சாயங்களை இந்தியாவும் 1990-களில் தடுத்தது. ஆனால் இந்த நோய், விஷம் தொட்டுப் பல பத்தாண்டு கழித்தும் தலைகாட்டும். அன்று தொட்டியில் கைவிட்டவனை இன்று தேடிப் போவது யார்?

தொழில்நோய்ப் பட்டியலிலே சிறுநீர்ப்பைப் புற்றும் உண்டு. எந்தத் தூளைத் தொட்டோம் என்றே தெரியாதவன், எதைக் காட்டி இழப்பீடு கேட்பான்?

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு சாய டப்பாவிலும் உள்ளிருப்பது என்னவென்று தமிழிலே எழுது! கையுறையும் முகமூடியும் கொடு! ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை நடத்து! வேலையை விட்டவனுக்கும் நடத்து!

சாயப்பட்டறைத் தோழனே, சிறுநீரில் ரத்தம் கண்டால், வலி இல்லையே என்று வாளாவிராதே. உடனே மருத்துவரிடம் போ. என்ன வேலை செய்தாய் என்பதையும் மறக்காமல் சொல்.

சாயம் துணியிலே நிற்கட்டும். தொழிலாளி உடம்பிலே ஏற வேண்டாம்!