பூஞ்சணத்திற்கு வெயில் மருந்தா?



2024 ஏப்ரலில் ஹாங்காங், இரண்டு இந்திய நிறுவனங்களின் நான்கு மசாலைத்தூள்களின் விற்பனையை நிறுத்தியது. சிங்கப்பூர் அவற்றுள் ஒன்றைத் திரும்பப் பெற ஆணையிட்டது. புற்றுநோயை உண்டாக்கும் எத்திலீன் ஆக்சைடு அவற்றில் இருந்ததே காரணம். அப்பொழுது நம் பெற்றோர் புலனக் குழுக்களில் எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று! கூக்குரல் தவறில்லை. ஆனால், அந்த வேதிப்பொருளை மசாலைப் பொருள்களுக்கு எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவராவது கேட்டாரா? கிருமிகளையும் பூஞ்சணத்தையும் கொல்லத்தான். அதே பூஞ்சணத்தை நாம் வீட்டில் புட்டியில் அடைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறோம்!

தீபாவளி வந்தால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் படையெடுக்கிறோம். மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் கிலோக் கணக்கில்! அரைத்த தூளை ஞெகிழிப் பையில் கட்டி, அடுப்புக்கு நேர் மேலுள்ள தட்டில் ஓராண்டுக்கு வைத்துவிடுகிறோம். சோற்று ஆவியும் குழம்பு ஆவியும் அதன்மேல்தான் படிகின்றன. போதாததற்கு, கொதிக்கும் சட்டியில் கிளறிய ஈரக் கரண்டியையே புட்டிக்குள் விடுகிறோம். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த இந்த மண்ணில் பூஞ்சணத்திற்கு வேறென்ன வேண்டும்?

கடைகளும் சளைத்தவை அல்ல. மழைச்சாரல் படும் வாசலில் மிளகாய்ச் சாக்கு வாய் திறந்து கிடக்கிறது. காம்போரம் வெண்மையாய்ப் பூத்திருந்ததை ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். "வெயில்ல காய வச்சு வறுத்துடுங்க டீச்சர், எல்லாம் போயிடும்" என்றார். நம் வீடுகளிலும் இதே வேதம்தான்!

போகாது. மிளகாயிலும் நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. வெயிலில் பூஞ்சணம் காய்ந்து உதிரலாம். சுரந்த நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். அது சிதைய ஏறத்தாழ 240 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் மிளகாய் வறுபடாது, கரிந்து சாம்பலாகும். இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியுள்ளது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1988 அக்டோபரில் பேராக்கில் 'லோ சீ ஃபான்' என்னும் மீ வகையை உண்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து மாண்டனர். மருத்துவ ஆய்வாளர்கள் அஃப்லாடாக்சினையே முதன்மைக் காரணமாகக் கூறினர். போரிக் அமிலமும் சேர்ந்திருந்தது. அது ஒரே வேளையில் சென்ற பெரிய அளவு. குழம்பில் சேர்வது சிறிய அளவுதான். ஆனால் நாள்தோறும் சேர்கிறதே! சிற்றுடலுக்குச் சிறிய அளவும் பெரிதன்றோ?

"தோட்டத்தில் எங்கள் பாட்டி சாப்பிடவில்லையா?" என்பார்கள். பாட்டி அன்றன்று தேவையானதை அம்மியில் அரைத்தார். ஓராண்டுத் தூளை ஞெகிழியில் கட்டி வைக்கவில்லை. பாட்டியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அம்மியையும் சேர்த்து அழைக்கட்டும்!

1983 உணவுச் சட்டம் கடைக்காரரைத் தண்டிக்கலாம். நம் அடுப்படிக்கு எந்தச் சுகாதார அதிகாரியும் வரப்போவதில்லை. மாதத்திற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். கரண்டி உலர்ந்திருக்கட்டும். கட்டி தட்டினாலோ ஊசல் வாடை வந்தாலோ எறிந்துவிடுங்கள்.

எறிய மனமின்றிக் கோழிக்குப் போடுவோரும் உளர். அதுவும் வேண்டா. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்றது பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அஃப்லாடாக்சின் என்ற நஞ்சையே உலகம் அதற்குப் பிறகுதான் அறிந்தது.