அஞ்சடி மாப்பிள்ளை

குட்டி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ரோட்டவேட்டரை எந்த சைஸில் வாங்க வேண்டும்? இந்த வாரம் இதுதான் சப்ஜெக்ட். 'எனக்கெதுக்கு ஸார் இது? நான் தாம்பரம் லோக்கலில் தொங்குகிற ஆசாமி' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கும் கல்யாணம் ஆகும். கல்யாணம் என்றால் மாமனார் உண்டு. மாமனாருக்குத் தோப்பு துரவு இருந்துவிட்டால், இந்தப் பக்கத்தைத் தேடி அலைவீர்கள்.

என் மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், வெட்டுகிற நேரத்தைவிட டீ குடிக்கிற நேரம் ஜாஸ்தி. பார்த்தார் மனுஷர், 24 ஹெச்.பி.யில் ஒரு மினி டிராக்டர் வாங்கிவிட்டார். டிரைவர்? அவரேதான். வயது 66.

"ஏனுங் மாப்பிள்ளை, நீங்க படிச்சவிங்க. ரோட்டவேட்டரை நீங்களே பார்த்து வாங்கிருங்க" என்று ஒரு மஞ்சப் பையை நீட்டினார். உள்ளே ஒரு வருஷத் தேங்காய்ப் பணம்.

விவசாயத்தில் எனக்கிருந்த மொத்த அனுபவம், மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதுவும் காலமாகிவிட்டது. ஆனாலும் 'படிச்சவிங்க' என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் நமக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்துவிடுமே!

கடையில் நாலடி, அஞ்சடி, ஆறடி என்று வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், பெண் பார்க்க வந்த வீட்டில் அக்கா தங்கைகள் மாதிரி. கடைக்காரர் நல்ல மனுஷர். "வண்டி எத்தனை ஹெச்.பி.ங்க?" என்று முதல் கேள்வியே சரியாகக் கேட்டார். இருபத்து நாலு என்று சொல்ல எனக்கு வெட்கம். பக்கத்தில் நின்றவர் ஐம்பது ஹெச்.பி. என்று இப்போதுதான் அலட்டியிருந்தார். "அதெல்லாம் நல்லா இழுக்கிற வண்டிங்க. அஞ்சடி போடுங்க" என்றேன். வாங்குவதே வாங்குகிறோம், பெரிசாக வாங்கினால் சீக்கிரம் வேலை முடியும் என்று கணக்கு.

மறுநாள் காலை தோப்பில் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஊரே வேடிக்கை. மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கியதுதான் தாமதம், வண்டி கருகருவென்று புகை விட்டது, இருமியது, நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி இருமல். நாலு தடவை.

"அந்தக் கோடியில மண்ணு பொதபொதன்னு இருக்கும். அங்கே ஓட்டிப் பார்க்கலாம்" என்று ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏற்றினார். அப்போதுதான் அது நடந்தது. முன் சக்கரம் ரெண்டும் பூமியை விட்டு எழும்பின. சர்க்கஸ் குதிரை முன்னங்காலைத் தூக்குமே, அப்படி. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. மாமியார் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமனார் பதறாமல் லீவரை இறக்கினார். பின் பாரம் தரையில் உட்கார, முன் சக்கரம் 'தொம்'மென்று இறங்கியது.

மொத்தம் மூன்று விநாடிதான். அந்த மூன்று விநாடியில் நான் என்னென்னவோ பார்த்துவிட்டேன்.

கீழே இறங்கி, ஊர்க்காரர்கள் காதில் விழுகிற மாதிரி, "போச்சாது விடுங்க மாப்பிள்ளை. மண்ணுல ஈரம் பத்தலை" என்றார். அத்தனை வருஷம் மண்ணோடு பழகியவருக்கு ஈரமா தெரியாது? என் மானத்துக்காக ஒரு பொய். திட்டியிருந்தால்கூட அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர் வந்தார். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். டேப்பை எடுத்து அங்கே இங்கே அளந்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். அதை நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன்.

முதல் பாடம், சக்தி. 24 ஹெச்.பி. என்பது கிராஸ் சம்பளம். பின்னால் ரோட்டவேட்டரைச் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது டேக்-ஹோம். வழியில் கியர் அது இது என்று பிடித்தம் போக, எஞ்சினில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். கிராஸை நம்பிக் கடன் வாங்குகிறவன் கதி தெரியும்தானே? ரோட்டவேட்டருக்குத் தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது. இளகிய மண்ணில் ஓர் அடி அகலத்துக்கு 6, 7 ஹெச்.பி., கெட்டி மண்ணென்றால் 8. இருபத்து நாலை ஆறால் வகுத்தால் நாலடி. என் அஞ்சடிக்குக் கிட்டத்தட்ட நாற்பது ஹெச்.பி. வண்டி வேண்டும்.

இரண்டாவது, சக்கரம். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு மூன்றரை அடி. ரோட்டவேட்டர் அதைவிடக் கொஞ்சம் அகலமாக, பக்கத்துக்கு ரெண்டு மூன்று அங்குலம் தள்ளி நின்றால் போதும். குறைந்தால், உழுத இடத்தில் டயர் தடம் அப்படியே அமுங்கிக் கிடக்கும். வீட்டைக் கூட்டிவிட்டுச் செருப்புக் காலோடு நடக்கிற மாதிரி.

மூன்றாவது, எடை. இதுதான் உயிர் சமாசாரம். அஞ்சடி ரோட்டவேட்டர் சுமார் 350, 400 கிலோ வரும். 'இத்தனை கிலோ தூக்கும்' என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பது, தூக்கும் கை முனையில் அளந்த கணக்கு. ரோட்டவேட்டரின் பாரமோ அதற்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. ஸீஸா பலகையில் குண்டுப் பையன் நுனியில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவன் கதி என்ன? அதுதான் முன் சக்கரத்தின் கதி. பாரம் தூக்கி நிற்கும்போதும் வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். முன்னால் வெயிட் மாட்டிக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் அளவு மீறிய ஆசைக்கு வெயிட் மாட்டித் தீராது.

நாலாவது, இடம். தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. மரத்தைச் சுற்றி ஆறடிக்கு வேர்க்கூட்டம். அதில் கத்தியை விடக்கூடாது. ரெண்டு பக்கமும் ஆறாறு அடி போனால் நடுவில் உழ மிச்சம் 13 அடி. அஞ்சடியில் மூன்று சால். நாலடியில் நாலு சால். "ஒரே ஒரு சால் மிச்சம் பிடிக்கவா சாமி, மாமனாரை ஆகாசத்துல தூக்கினீங்க?" என்று கேட்டார் அண்ணன். நான் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றுக் கட்டிலை ஆராய்ச்சி செய்தேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். வண்டி ஓடும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. வேட்டி நுனி மாட்டினால், வேட்டியோடு ஆளும் உள்ளே. தண்டின் மேல் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். சந்தேகம் என்றால் முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையே வாடகைக்குத் தருகிறது.

மறுநாளே கடைக்குப் போய் நின்றேன். மண் பட்டுவிட்டதால் பாதி புதுசு விலைதான். கொடுத்து, நாலடியை எடுத்துக்கொண்டு வந்தேன். வித்தியாசப் பணம் என் போனஸ். ஸ்கூட்டர் வாங்க வைத்திருந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பத்திரமாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

இப்போது தோப்பு மெத்தை மாதிரி இருக்கிறது. மாமனார் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். "ஏனுங் மாப்பிள்ளை, நீங்க வாங்கிக் குடுத்த மெஷின் அருமையா ஓடுதுங்க!" அந்த அஞ்சடியைப் பற்றி இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

போன வாரம் சட்டை எடுக்கப் போனேன். கடைப் பையன், "சைஸ் என்ன ஸார்?" என்றான். வழக்கமாகத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு '40' என்பேன். இந்தத் தடவை மூச்சை விட்டேன்.

"நாற்பத்து நாலுப்பா" என்றேன்.