மண் குழைக்க நாங்கள், பீடத்தில் யார்?

தோழர்களே, வட மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் ஒரு சிற்பத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது சிற்பங்கள். எட்டு சிற்பங்கள் வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை வரிசையாக நிற்கின்றன. ஒன்று மட்டும் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், கழிப்பறைச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஒன்று யாருடையது என்று உங்களால் ஊகிக்க முடியும். ஊகிக்க முடிகிறது என்பதுதான் இந்த நாட்டின் லட்சணம்.

வைக்கோல் தீயின் முன் குந்தி உட்கார்ந்து பறை காய்ச்சுகிற ஒரு பெரியவர். இதுதான் அந்தச் சிற்பம். செய்தவர்கள் காலனியிலிருந்து வரும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பையனும். கம்பியை வளைத்துக் கூடு கட்டி, கோழிவலை சுற்றி, அதன்மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். பறையின் வளையத்துக்குப் பழைய சைக்கிள் ரிம். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மடியில். முகம், அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாத்தாவுடையது. தோல் விறைப்பாகிவிட்டதா என்று காதைக் கொடுத்துக் கேட்கிற பாவனையில் தலை சாய்ந்திருக்கிறது. பறை காய்ச்சுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்குத்தான் இது கைவரும்.

நாங்கள் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தோம். நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார். "சார், பள்ளிக்கூடத்துல சாதி அடையாளம் கூடாதுன்னு கமிட்டியே சொல்லியிருக்கு. நாளைக்கு ஊர்க்காரங்க வந்து கேட்டா யார் பதில் சொல்றது?" என்றார்.

எந்தக் கமிட்டி? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்டதுதான் நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அந்தப் பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக்கூடாது என்றும் சொன்னது. வெட்டுப்பட்ட பிள்ளையின் ரத்தத்திலிருந்து பிறந்த அறிக்கை அது. அதையே எடுத்து வெட்டுப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் செய்த சிற்பத்தைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் தள்ளுவதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால், இதை என்னவென்று சொல்வது?

சாதிக் கயிறு "நான் உனக்கு மேலே" என்று சொல்கிறது. காய்ச்சிய பறை யாரையும் கீழே தள்ளவில்லை. மிரட்டுகிறவனின் அடையாளத்தையும் மிரட்டப்படுகிறவனின் கலையையும் ஒரே தராசில் வைப்பதற்குப் பெயர் சாதி ஒழிப்பு அல்ல. அது சாதியைப் பார்க்க மறுக்கிற வசதி.

இனி அந்த முன்வரிசையைப் பாருங்கள். வள்ளுவர் இருக்கிறார், பாரதி இருக்கிறார், மயில் இருக்கிறது, காளை இருக்கிறது. வெள்ளைத் தாமரையில் வீணையோடு ஒரு பெண் தெய்வமும் இருக்கிறது. நாங்கள் கேட்கிறோம்: வீணைக்குச் சாதி இல்லையா? அது யார் வீட்டுக் கூடத்தில் இருந்தது, யார் வீட்டுத் திண்ணையில் இல்லை என்பது யாருக்குத் தெரியாது? வீணை வந்தால் அது கலை, பண்பாடு, கல்வியின் அடையாளம். பறை வந்தால் மட்டும் அது சாதி. ஆதிக்கத்தின் சின்னங்களுக்குச் சாதிச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. அவை எப்போதும் 'பொது'வாகவே இருக்கின்றன.

இது அந்த ஒரு பள்ளியின் கோளாறு மட்டுமல்ல. நம் சிற்ப மரபே ஆளுக்கு ஏற்ற அளவு வைத்திருக்கிறது. பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், மனிதருக்கு எட்டு, பூதகணங்களுக்கு நான்கு. காலுக்குக் கீழே மிதிபடுகிற உருவம் எவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும் என்பதுவரை கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மீறி உழைக்கிற மனிதரைப் பெரிதாக நிறுத்திய சிற்பமும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பித் தள்ளும் நான்கு பேர். அதைப் பார்க்கப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துப்போகிறோம். அதே பிள்ளைகள் தங்கள் வீட்டு உழைப்பாளியைச் செய்துகொண்டு வந்தால் பின்பக்கம் காட்டுகிறோம்.

பின்பக்கம் என்பது எங்களுக்குப் புதிதில்லை. சதாராவில் பள்ளிக்குப் போன சிறுவன் பீமராவ் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியவில்லை. தனியே ஒரு கோணிச் சாக்கில் உட்கார்ந்தார். அந்தச் சாக்கைப் பள்ளிப் பணியாளர் தொடமாட்டார் என்பதால் தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார். 1967-இல் நாடாளுமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் அவர் இன்றும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். உடைக்கிறவனை விட்டுவிட்டுச் சிலைக்குக் கூண்டு போடுகிற நிர்வாகம், ஊர்க்காரர் வந்து கேட்பார்களோ என்று பயந்து சிற்பத்தை ஒளிக்கிற தலைமையாசிரியரைத்தான் உருவாக்கும்.

எங்களுக்குள்ளும் ஒரு விவாதம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. "பறையை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்? சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்தியவர்கள் நாம்" என்று எங்கள் மூத்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த பறை இழிவின் விலங்கு. விரும்பி மேடையில் அடிக்கிற பறை விடுதலையின் குரல். இரண்டும் எங்கள் வரலாறு. இதில் எது தன் தாத்தாவின் முகத்தில் தெரிகிறது என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. தலைமையாசிரியருக்கு இல்லை. எங்களுக்கும் இல்லை.

அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கம்பி கட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சிற்பத்தை நகர்த்தச் சொன்னபோது அவரால் வாய் திறக்க முடியவில்லை. 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஒருவர் அவர். இத்தனை ஆண்டுகளாகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர் எப்படி எதிர்த்துப் பேசுவார்? கலையை அரை நாள் கூலிக்கு விட்ட அரசு, அந்தக் கலை நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று. தோட்டத்துக்குக் குழி வெட்டியதும், மணல் சுமந்ததும், சிமென்ட் குழைத்ததும் பெரும்பாலும் யார் பிள்ளைகள் என்று விசாரித்தோம். "அவங்களுக்குப் பழக்கம் சார்" என்று பதில் வந்தது. பழக்கமாம்! பள்ளிக் கழிப்பறையைத் தலித் பிள்ளைகளைக் கொண்டு கழுவ வைத்த செய்திகள் அடிக்கடி நாளிதழ்களில் வருகின்றன. அங்கேயும் இதே 'பழக்கம்'தான் வேலை செய்கிறது.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. பறை காய்ச்சும் பெரியவர் முன்வரிசைக்கு வர வேண்டும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது, நாங்கள் அளந்து பார்த்துவிட்டோம். ஒவ்வொரு பீடத்திலும் செய்த பிள்ளைகளின் பெயர் பொறிக்கப்பட வேண்டும். மண் சுமப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறைவைத்து வர வேண்டும். ஓவிய ஆசிரியருக்கு முழுநேர வேலை வேண்டும். கல்வித் துறைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்திட்டவர்களில் ஊர்த்தெருப் பெற்றோர்கள் நான்கு பேரும் உண்டு. அவர்களை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

கிளம்பும்போது சிற்பம் செய்த பெண்ணிடம், "அடுத்த வருஷம் என்னம்மா செய்யப்போறே?" என்று கேட்டோம். "தாத்தா பக்கத்துல ஆடுறதுக்கு ஆள் வேணும்ல? எங்க கிளாஸ் எல்லாரையும் செய்யணும்" என்றாள். எல்லாரையும் என்றாள், தோழர்களே. அந்தச் சொல்லை வளர்ப்பதா, கழிப்பறைச் சுவரோரம் தள்ளுவதா என்பதைத்தான் அந்தப் பள்ளி இப்போது முடிவு செய்ய வேண்டும்.

ஜெய்பீம்.