மண்ணின் மேல் பழி போடலாமா?

“முன்பெல்லாம் இரண்டு மாத்திரைக்குக் கேட்ட காய்ச்சல், இப்போது எதற்கும் கேட்பதில்லை” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வெல்லும் வித்தையைக் கிருமிகள் எங்கே கற்றன? அவற்றுள் பல வித்தைகள் மண்ணிலேயே பிறந்தவை என்பது வியப்பன்றோ!

1950களில் போர்னியோ தீவுக் காட்டிலிருந்து மிஷனரி ஒருவர் அமெரிக்காவிலிருந்த தம் நண்பருக்குச் சிறிது மண் அனுப்பினார். அம்மண்ணில் வாழ்ந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து வான்கோமைசின் என்னும் அரிய மருந்து கிடைத்தது; 1958-இல் பயனுக்கு வந்தது. பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கும் உயிர், அதனால் தானே மடியாதிருக்க வேண்டுமல்லவா? அதற்கான பாதுகாப்பு ஜீன்களும் அத்தகைய மண்ணுயிர்களிடம் உண்டு. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் இந்த ஜீன்களைக் கண்டதாக 2011-இல் அறிஞர்கள் அறிவித்தனர்.

“அப்படியானால் குற்றம் மண்ணுடையது, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். இதை நாம் ஏற்பதற்கில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறி, வகுப்பில் நோட்டுப் புத்தகம் கைமாறுவது போல், ஜீன்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. மருந்து மற்றக் கிருமிகளை அழித்துவிட்டால், எதிர்ப்பு ஜீன் பெற்றது மட்டும் போட்டியின்றிப் பெருகும். ஐரோப்பாவில் வான்கோமைசினுக்கு உறவான அவோபார்சினை, கோழியும் பன்றியும் விரைவில் கொழுக்கத் தீவனத்தில் கலந்தனர். வான்கோமைசினுக்கு அடங்காத குடல் பாக்டீரியா அப்பண்ணைகளில் பெருகியது. 1995-இல் டென்மார்க் அவோபார்சினைத் தடை செய்தது. அந்நாட்டுக் கோழிகளில் அக்கிருமி வெகுவாகக் குறைந்தது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தது. விதை மண்ணில் இருந்தது; நீர் ஊற்றியவன் மனிதனே.

நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். எப்போதோ மீந்த மாத்திரைகள் அங்கே இருக்கின்றனவே! சளி பிடித்ததும் அவற்றில் ஒன்றை விழுங்குகிறோம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. நம் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும்.

ஆகவே தோழியரே, மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாட்டிக்கைக் கடையில் கேட்டு வாங்கமாட்டோம். எழுதித் தந்ததை அவர் சொன்னபடியே உண்போம். மீந்ததைப் பிறருக்குக் கொடுக்கமாட்டோம். “ஒரு மாத்திரைதானே, போட்டுக்கொள்” என்று வீட்டில் நீட்டினால், “வேண்டாம் அம்மா, டாக்டரைக் கேட்டுக்கொள்வோம்” என்று பணிவோடு சொல்வோம். மண் தந்த மருந்து, நமக்குப் பின் இவ்வகுப்புக்கு வரும் தங்கையருக்கும் பயன்பட வேண்டும்.