ஏற்காடு ஏரியில் படகு சர்க்கஸ் வேண்டுமா?

மே மாதம். சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. ஏற்காடு போகும் பஸ்சில் நிற்கக்கூட இடம் இல்லை.

கொண்டை ஊசி வளைவுகள் 20. அத்தனையையும் தாண்டி பஸ் மலை மேல் வந்து நிற்கிறது. இறங்கியதும் ஜனங்கள் முதலில் எங்கே ஓடுகிறார்கள்? ஏரிக்குத்தான்!

ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் "ஏற்காடு" என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஏரியில் ஒரு சுற்று படகில் போகாமல் மலையை விட்டு இறங்க யாருக்குத்தான் மனம் வரும்?

அங்கே காலால் மிதித்து ஓட்டும் படகு உண்டு. துடுப்புப் போடும் படகு உண்டு. அப்பா மிதிக்கிறார். அம்மா குழந்தையை இறுக்கிப் பிடித்துக் கொள்கிறார். பாட்டி கரையில் உட்கார்ந்தபடி கை காட்டுகிறார்.

இதற்கு நடுவே ஒரு படகில் நாலு வாலிபர்கள். ஒருவர் எழுந்து நின்று படகை இரு பக்கமும் ஆட்டுகிறார். இன்னொருவர் அதைச் செல்போனில் படம் பிடிக்கிறார்.

"வெளிநாட்டில் ஜெட் படகு என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் மேல் பம்பரமாகச் சுற்றுகிறது. அதை இங்கேயும் விட்டால் என்ன?" என்கிறார் மூன்றாமவர்.

கேட்பதில் தப்பு இல்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால், அந்தப் படகு எப்படி ஓடுகிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

சீறும் தண்ணீர்

சாதாரண மோட்டார் படகுக்கு அடியில் விசிறி போன்ற இறக்கை சுழலும். அது தண்ணீரைத் தள்ள, படகு முன்னே போகும். ஆழம் குறைந்த இடத்தில் இந்த இறக்கை பாறையில் பட்டு உடைந்துவிடும்.

நியூசிலாந்து நாட்டில் வில்லியம் ஹாமில்டன் என்பவர் இருந்தார். ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். எந்திர வேலையிலும் கெட்டிக்காரர். அவர் ஊர்ப் பக்கத்து ஆறுகளில் கூழாங்கல் அதிகம், தண்ணீர் குறைவு. அதில் எப்படிப் படகு விடுவது?

1954-ம் ஆண்டு அவர் இதற்கு ஒரு வழி கண்டார். படகின் அடியில் ஒரு துளை. அதன் வழியாக எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். பின்பக்கக் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் சீறிக் கொண்டு வெளியே பாயும். தண்ணீர் பின்னால் பாய, படகு முன்னால் பாயும். இதுதான் ஜெட் படகு.

வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் இறக்கை இதற்கு இல்லை. வேகம் எடுத்துவிட்டால், ஒரு சாண் ஆழம்கூட இல்லாத தண்ணீரிலும் ஓடிவிடும்!

இந்தப் படகு நம் கங்கைக்கும் வந்திருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1977-ம் ஆண்டு ஜெட் படகுகளில் கடலில் இருந்து கங்கையை எதிர்த்து இமயமலை வரை போனார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி குறுக்கிட்டது. அதற்கு மேல் படகு போகாது என்று தெரிந்ததும் நிறுத்திக் கொண்டார். எவரெஸ்டில் ஏறிய வீரருக்கே நிறுத்த வேண்டிய இடம் தெரிந்திருந்தது!

மரணக் கிணறு

பொருட்காட்சியில் "மரணக் கிணறு" பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள்காரர் கிணற்றுச் சுவரிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுவார். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். "ஐயோ, மெதுவாகப் போகக் கூடாதா?" என்று தோன்றும். மெதுவாகப் போனால்தான் அவர் விழுவார்! வேகம்தான் அவரைச் சுவரில் ஒட்ட வைக்கிறது.

ஜெட் படகின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பினால், பின்னால் தண்ணீர் பீச்சும் குழாய் திரும்பும். தண்ணீர் பாயும் திசை மாறும், படகும் திரும்பும். எஞ்சின் விசையைக் குறைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் பீச்சுவது நின்றுவிடும். அப்புறம் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் படகு கேட்காது. போன திசையிலேயே வழுக்கிக் கொண்டு போகும்.

ஏற்காட்டு மலைப் பாதையில் ஓட்டும் டிரைவரை நினைத்துப் பாருங்கள். வளைவு வந்தால் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதுதான் சரி. ஆனால் படகில் பிரேக் இல்லை. எதிரே ஆபத்தைக் கண்டு பயந்து விசையை விட்டுவிட்டால், திருப்பும் சக்தியும் கூடவே போய்விடும்! பழகாதவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். விலக நினைத்த பொருளின் மீதே போய் மோதுவார்கள்.

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் படகு ஒரு நொடியில் 22 மீட்டர் தூரம் போய்விடும். இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம். கண் இமைத்துத் திறப்பதற்குள் எவ்வளவோ நடந்துவிடும்.

வித்தையின் ரகசியம்

படகு பம்பரமாகச் சுற்றுவதற்கு "ஹாமில்டன் சுழற்சி" என்று பெயர். ஓட்டுபவர் வேகமாக வருவார். சட்டென்று விசையைக் குறைப்பார். அதே கணத்தில் சக்கரத்தைத் திருப்புவார். உடனே மறுபடியும் விசையைக் கொடுப்பார். படகின் பின்பகுதி வழுக்கிக் கொண்டு சுற்றி வரும். தண்ணீர் மதில் போல எழும்பும்.

பார்ப்பதற்கு இது விளையாட்டு. ஆனால் குறைப்பது, திருப்புவது, கொடுப்பது ஆகிய மூன்றும் தாளம் தப்பாமல் நடக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் படகு ஓட்டுபவர் கையில் இல்லை.

நியூசிலாந்தில் ஷாட்டோவர் ஆற்றில் இந்த வித்தையைப் பார்ப்பதற்கென்றே பல நாட்டு ஜனங்கள் போகிறார்கள். அங்கே ஓட்டுபவர் முதலில் கையை உயர்த்தி, விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார். "சுற்றப் போகிறேன், பிடித்துக் கொள்ளுங்கள்" என்று அர்த்தம். எல்லோரும் எதிரே உள்ள கம்பியைப் பிடித்துக் கொண்ட பிறகுதான் படகு சுற்றும். எல்லோர் உடம்பிலும் லைப் ஜாக்கெட் இருக்கும். பயிற்சி முடித்தவர்தான் ஓட்டலாம்.

வித்தை ஒரு நிமிடம். அதற்கு முன்னால் உள்ள ஏற்பாடு மிகப் பெரியது. செல்போன் படத்தில் வித்தைதான் தெரிகிறது. ஏற்பாடு தெரிவதில்லை!

மும்பையில் நடந்தது

ஏற்பாடு இல்லாத இடத்தில் வேகம் என்ன செய்யும் என்பதை நம் நாடே ஒரு முறை பார்த்தது.

2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி. மும்பை "கேட்வே ஆப் இந்தியா" துறையில் இருந்து எலிபெண்டா தீவுக்கு "நீல்கமல்" என்ற படகு போய்க் கொண்டிருந்தது. அதில் 100 பேருக்கு மேல் இருந்தார்கள். அதே தண்ணீரில், கடற்படையின் வேகப் படகு ஒன்றை எஞ்சின் சோதனைக்காக ஓட்டிக் கொண்டிருந்தார்கள். அது வேகமாக வளைந்து வந்தது. கட்டுப்பாடு இழந்தது. நேராக வந்து பயணிகள் படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள்.

அது வித்தை காட்ட வந்த படகு அல்ல, சோதனைக்கு வந்தது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். குடும்பங்கள் போகும் தண்ணீரில் வேகத்துக்கு வேலை இல்லை.

இறந்தவர்கள் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. தீவைப் பார்க்கப் புறப்பட்டார்கள், அவ்வளவுதான்.

வேகம் இல்லாமலும் ஆபத்து

"அப்படியானால் மெதுவாகப் போகும் படகில் பயமே இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் "ஜலகன்யகா" என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். கரையில் நின்ற காட்டு விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்று செய்தி வந்தது. அந்தப் படகில் வேறு குறைகளும் இருந்ததாகப் பிறகு பேசப்பட்டது.

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று நம் பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சந்தோஷமாகப் பொழுது போக்க வந்தவர்கள்!

படகு தராசு மாதிரி. ஒரு தட்டில் எடை கூடினால் சாயத்தான் செய்யும். ஏற்காட்டில் மிதி படகில் எழுந்து நின்று ஆட்டுகிற வாலிபர் இதை அறியவில்லை. நடுத் தண்ணீரில் இடம் மாறி உட்காருகிறவர்களும் அறியவில்லை. எஞ்சின் இல்லாத படகில் அவர்கள் நடத்துவதும் ஒரு சர்க்கஸ்தான். அந்த சர்க்கசுக்குக் கீழே வலை இல்லை!

ஏற்காட்டுக்கு ஏன் வேண்டாம்?

"ஜெட் படகு வந்தால் கூட்டம் வரும். கடைக்காரருக்கு வியாபாரம் நடக்கும். உள்ளூர் வாலிபர்களுக்கு வேலை கிடைக்கும்" என்று சிலர் சொல்லலாம். இதில் நியாயம் இருக்கிறது. மலை வாழ் ஜனங்களுக்கு வருமானம் வேண்டும்தான்.

ஆனால் ஏற்காடு ஏரி எவ்வளவு பெரியது? ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரிகிறது. கோடை விழாக் காலத்தில் அங்கே படகுகள் ஒன்றை ஒன்று உரசாத குறையாகப் போகின்றன. இதற்குள் ஒரு படகு சீறிக் கொண்டு சுற்றினால், அது கிளப்பும் அலை எங்கே போகும்? கரையில் மோதித் திரும்பி வரும். குழந்தை உட்கார்ந்திருக்கும் மிதி படகைத் தூக்கி ஆட்டும்.

ஜெட் படகுக்குப் பாசியும் கொடியும் பகை. தண்ணீர் உறிஞ்சும் துளையில் அவை அடைத்துக் கொண்டால் விசை போய்விடும். விசை போனால் திருப்ப முடியாது. ஏரி என்றால் பாசியும் கொடியும் இல்லாமல் இருக்குமா?

ஆகவே ஏற்காடு ஏரியை மிதி படகுக்கும் துடுப்புக்கும் விட்டுவிடுவதே நல்லது. ஜனங்கள் அங்கே வருவது பதறுவதற்கு அல்ல, ஆறுவதற்கு.

எங்கே, எப்படி?

வேகப் படகே கூடாது என்பது அல்ல. வாலிபத்தில் ஆசை இருக்கும். அகன்ற தண்ணீரில், வேறு படகு வராதபடி எல்லை கட்டி, பயிற்சி பெற்றவரைக் கொண்டு ஓட்டினால் அந்த ஆசை நிறைவேறட்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காடு போன்ற இடங்களில் வேகப் படகுகள் ஓடுகின்றன.

அப்படிப்பட்ட படகில் ஏறுகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

லைப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக் கொண்டால் போதாது. உடம்பில் மாட்டி, எல்லா வாரையும் இறுக்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்தான் வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும். குழந்தை கீழே நழுவும்.

சேலை முந்தானை, துப்பட்டா, நீண்ட பின்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் செருகிக் கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தவரின் துணியையும் தலைமுடியையும் உறிஞ்சும் துளை இழுத்துவிடும். ஆகவே ஒருவர் தண்ணீரில் இருந்தால் எஞ்சினை நிறுத்திய பிறகே அருகில் போக வேண்டும். பின்பக்கக் குழாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அதில் சீறும் தண்ணீர் உடம்பைக் கிழிக்கும்.

ஓட்டுபவர் மணிக்கட்டில் அல்லது ஜாக்கெட்டில் ஒரு கயிறு மாட்டியிருக்க வேண்டும். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் தானாக நிற்கும். கயிறு மாட்டாதவர் படகில் ஏறவே கூடாது.

குடித்தவர் ஓட்டக் கூடாது. குடித்தவர் ஏறவும் கூடாது. "இன்னும் இரண்டு பேர் ஏறட்டும்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

கேட்கக் கூச்சம் வேண்டாம்

எஞ்சின் படகுகளுக்குப் பதிவும் சோதனைச் சான்றும் வேண்டும் என்று 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. சட்டம் தாளில் இருக்கிறது. அதைத் தண்ணீருக்குக் கொண்டு வருவது யார்? அதிகாரிகள் பாதி. டிக்கெட் வாங்கும் ஜனங்கள் பாதி.

கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். குழந்தையைப் படகில் ஏற்றும்போது மட்டும் ஏன் கூச்சம்? "எத்தனை பேர் ஏறலாம்? ஜாக்கெட் எங்கே? ஓட்டுபவர் யார்?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். சரியான பதில் வராவிட்டால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பணம் போனாலும் போகட்டும்.

"பயந்தாங்கொள்ளி" என்று யாராவது சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்! ஹிலாரி அருவிக்கு முன்னால் நின்றார். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை.

மாலை ஆகிவிட்டது. ஏற்காடு ஏரியின் மேல் பனி இறங்குகிறது. அப்பாவும் அம்மாவும் குழந்தையும் கரை ஏறுகிறார்கள். பாட்டி எழுந்து வந்து குழந்தையைக் கையில் வாங்கிக் கொள்கிறார்.

படகு விட்டு வந்தவர்கள் எல்லோரும் இப்படிக் கரை ஏற வேண்டும். அதைவிடப் பெரிய வித்தை தண்ணீரில் இல்லை.