முழங்கால் தண்ணீரில் ஒரு விடுமுறை



நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் பண்ணைப் பாலத்தால் வான்கள் வரிசையாகத் தீவுப்பக்கம் ஓடத் தொடங்கிவிடும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்தவர்கள் பெரும்பாலும் நேரே குறிகட்டுவானுக்குப் போவார்கள். நயினாதீவில் நாகபூஷணி அம்மனைக் கும்பிடுவார்கள். நேரம் இருந்தால் நெடுந்தீவுக்கும் போய்க் குதிரைகளையும், உள்ளே ஆள் புகுந்து நிற்கக்கூடிய பெருக்குமரத்தையும், முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாட்டையும் படமெடுத்துக்கொண்டு, பொழுதுபட முன் திரும்பிவிடுவார்கள். நல்ல பயணந்தான். ஆனால் கூடவந்த பிள்ளைகளைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்கள் அதிகம் இருந்தது வானுக்குள்.

"பிள்ளைகளுக்குச் சாகசமாக ஏதாவது செய்யக் கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தெற்கே போனால் கித்துல்கலவில் களனி கங்கையின் வெள்ளத்தில் ரப்பர் படகு ஓட்டலாம். கற்பிட்டியில் காற்றைப் பிடித்துக் கடலில் சறுக்கலாம். எல்லவில் கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்கலாம். காசு கட்டினால் தலைக்கவசம் தந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்து அனுப்புவார்கள். விருப்பமானவர்கள் போய் வரட்டும். என்னைக் கேட்டால் ஒரு பெயர்தான் சொல்வேன்: அனலைதீவு.

உடனே அடுத்த கேள்வி வரும். "அங்கே பார்க்க என்ன இருக்கு?"

குதிரை இல்லை, கோட்டை இல்லை. ஐந்து சதுர கிலோமீற்றரும் வராத ஒரு தீவு. ஐயனார் கோயில், பனைகள், புகையிலைத் தோட்டங்கள், வள்ளங்கள் கிடக்கும் கரை, அவ்வளவுதான். பட்டியல் இத்தனை சிறியதாக இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிட்டுப் பிறகு அந்த ஊரில் வாழத் தொடங்கலாம்.

போகும் வழியே பாதி விடுமுறை. அனலைதீவுக்குப் படகு எடுக்க ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். வேலணையால் பஸ்ஸில் போகலாம். ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது காரைநகர்ப் பக்கத்து வழி. அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குப் 'பாதை' ஓடுகிறது. சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ஆட்களும் ஒன்றாக ஏறி நிற்கும் மிதவை. இரு கரைக்கும் நடுவே, நீருக்குள்ளிருந்து எழுந்ததுபோல் நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, இன்று கடற்படை விடுதியாக நடத்தும் கோட்டை. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்துப் பார்த்தார்கள். காரைநகருக்கு ஆம்ஸ்ரடாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம். நெடுந்தீவில் மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊர்காவற்றுறையிலிருந்து படகு நாளுக்குச் சில தடவைதான் போகும். காலைப் படகைப் பிடியுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் வெயில் ஏற ஏறக் கடலும் முறுகும். பாதுகாப்பு அங்கி தரப்பட்டால் கட்டாயம் போடுங்கள், தரப்படாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதைப் போடுவது கூச்சப்பட வேண்டிய காரியம் அல்ல. இந்தக் கடலைத் தெரிந்தவர்கள்தான் அதற்குக் கூடுதலாகப் பயப்படுகிறார்கள்.

படகில் உங்களுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையோடு ஒருவர் இருப்பார், கிளினிக் கொப்பியோடு ஒரு அம்மா இருப்பார், ஆசிரியர்கள் இருப்பார்கள். உங்கள் பிள்ளைக்குச் சாகசமாகத் தெரியும் அதே அலையை அவர்கள் வைத்தியரிடம் போகவும் காசு எடுக்கவும் கடக்கிறார்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு நொந்தாலும் இதே கடல்தான். இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இன்னொன்றையும், அவர்கள் விளங்கிக்கொள்ளும் வயதில் என்றால், சொல்லுங்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகின் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவர்களை நெடுந்தீவு ஆண்டுதோறும் நினைவுகூருகிறது. இந்தத் தண்ணீரில் விளையாடப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பது என் எண்ணம்.

தீவில் இறங்கியதும் சைக்கிள். வாடகைக் கடை தேடாதீர்கள், தங்கும் வீட்டில் கேளுங்கள். விடுதிகளை நம்பிப் போகும் இடமல்ல இது. அனலைதீவாரின் உறவு இல்லாத யாழ்ப்பாணத்து ஊர் குறைவு, விசாரித்தால் ஒரு வீடு கிடைக்கும். ஒரு இரவாவது தங்காமல் திரும்புவதானால் போகவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தின் வடக்கே வாடன் கடல் என்று ஒரு ஆழமில்லாக் கடல் இருக்கிறது. 2009இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த கடல். வற்று நேரத்தில் கரையிலிருந்து தீவுகளுக்குச் சேற்றிலும் தண்ணீரிலும் மணிக்கணக்காக நடந்து போவது அங்கே பெரிய விளையாட்டு. அனுமதி பெற்ற வழிகாட்டிகள் முன்னே கோல் ஊன்றி நடக்க, பின்னால் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பரவைக்கடல்தான் கண்ணில் வரும். ஒல்லாந்தர் ரொட்டர்டாம் என்று பெயரிட்டுப் போன அனலைதீவைச் சுற்றியும் அதே முழங்கால் தண்ணீர் கிடக்கிறது. நமது வற்றுப் பெருக்கு அவர்களுடையதைப்போல் பெரிதல்ல, தீவுக்குத் தீவு நடக்க முடியாது. ஆனால் கரையிலிருந்து வெகுதூரம் நடந்துபோய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடலின் தரையைப் பார்க்கலாம். சாதாளை படர்ந்த தரை. நண்டு ஓடும், இறால் குஞ்சு துள்ளும், நட்சத்திர மீன் கிடக்கும்.

தனியாக இறங்கக்கூடாது. ஊரவர் ஒருவர் முன்னே போகவேண்டும், ஏனென்றால் எங்கே நீரோட்டம் இழுக்கும், எங்கே சேறு புதையும் என்பது அவர்களின் காலுக்குத் தெரியும். பழைய சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையில் இழுத்து இழுத்து நடக்கவேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவு தெரிந்து விலகிப்போகும், மிதித்தால்தான் வாலால் குத்தும். தப்பித்தவறிக் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காலை வைத்தால் வலி தணியும், அப்படியே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நட்டு நிற்கும் தடிகளையும் வலைகளையும் கடலட்டைப் பண்ணை வேலிகளையும் தொடவேண்டாம். அவை ஒரு வீட்டின் சாப்பாடு. போர்க்காலத்தில் கடற்றொழில் தடைபட்டிருந்த கரை இது. இன்றும் இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன.

நெதர்லாந்துக்காரர் தங்கள் சேற்றுக்கு வழிகாட்டிகளை உருவாக்கியதுபோல், தீவு இளைஞர்களுக்கு முதலுதவியும் உயிர்காப்பு நீச்சலும் பயிற்றுவித்து, அவர்களை இந்தக் கடலின் வழிகாட்டிகளாக்க முடியும். பெரிய விடுதி தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை. நீச்சல் நமக்குப் புதிதா? தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் நீந்திப் போய், நீந்தியே திரும்பி வந்தார், 51 மணித்தியாலங்களில். அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஊர்கள் சிலவற்றில்கூட நீச்சல் பழக்க ஆளில்லாமல் இருப்பது எனக்குப் பெருங்கவலை.

இதற்கும் முந்திய ஒரு நீச்சல்காரரையும் தீவார் சொல்வார்கள். அனலைதீவை ஒட்டிய புளியந்தீவில் நாகேஸ்வரன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நாகம் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலைக் கடந்து நயினாதீவு அம்மனிடம் போய்வந்ததாம். நடுவழியில் கருடன் மறித்த கதை நீளமானது. அதை அந்தக் கரையில் இருந்து, ஒரு மூதாட்டி சொல்லக் கேட்கவேண்டும்.

மத்தியானம் கூழ். கடைக்கூழ் அல்ல, பிள்ளைகளும் வேலை செய்த கூழ். காலையில் கரைக்கு வந்த வள்ளத்தில் மீனும் நண்டும் இறாலும் வாங்கி, பயற்றங்காயை முறித்து, பலாக்கொட்டையின் தோலை உரித்து, மரவள்ளியை வெட்டிப் போட்டு, ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, பழப்புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் கொதிக்க வைக்கவேண்டும். பனையோலையில் பிளா கோலிக் குடிக்கவேண்டும். உறைப்பில் கண்ணும் மூக்கும் வடியும். ரொறன்ரோவில் மீனைத் தொடாத பிள்ளை இரண்டாம் பிளாவுக்குக் கை நீட்டும். பானைக்குள் தான் உரித்த பலாக்கொட்டை இருக்கிறதே!

குளிக்கும்போது கவனம். தீவின் நன்னீர் என்பது மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும், ஏறினால் இலேசில் இறங்காது. மோட்டரைப் போட்டுவிட்டு நிற்காமல், வாளியால் அள்ளிக் குளியுங்கள். பிள்ளையையே அள்ளச் சொல்லுங்கள், கை நோகட்டும்.

இரவில் பாயை முற்றத்தில் போடுங்கள். பட்டணத்து வெளிச்சம் இல்லாத வானம், காற்றில் பனையோலையின் உரசல், தொலைவில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள். விடிவெள்ளி கிளம்பும்போது எழும்பினால் வலை இழுக்கும் இடத்துக்குப் போகலாம். கயிற்றில் ஒரு கை கொடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு இடம் விடுவார்கள்.

அனலைதீவை விட்டுப் போன குடும்பங்கள் பல ரொறன்ரோவில் இருப்பதை அறிவேன். இந்தப் பக்கத்தை வாசிக்கும் அனலையார் எவராக இருந்தாலும் எங்களுக்கு எழுதுங்கள். நீங்கள் சிறுவயதில் கடலில் நடந்த இடம் எது, எந்தக் காற்றில் இறங்கலாம், எந்தக் காற்றில் கூடாது, எந்த மூலையில் அம்மா போகவிடவில்லை என்று நினைவிலுள்ள அத்தனையும் வேண்டும். வரும் கடிதங்களை அங்குள்ள கடற்றொழிலாளரிடம் காட்டிச் சரிபார்த்து, அடுத்த விடுமுறைக்கு முன் ஒரு வரைபடத்தோடு வெளியிட விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்